வாங்கன்னு சொன்னா வாய் வெந்தா போகும்?

அவளுடைய பாட்டை முதன்முதலில் நான் கேட்டது புடவைக் கடையில். பண்டாரவளை டவுனில் நான் வேலை செய்கிற கடை அது. வேலை என்றால் நிற்பதுதான். திறந்ததிலிருந்து சாத்தும்வரை நிற்க வேண்டும். விற்கிற பெண்பிள்ளை உட்கார்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. மழை அடித்து ஆள் வராத ஒரு மத்தியானம், என்னோடு நிற்கிற தங்கச்சி போனை நீட்டி, "அக்கா, இதக் கேளுங்க. நம்ம ஆளு" என்றாள். போனில் ஒரு பெண் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவளாம். பாட்டை அவளே எழுதி, அவளே மெட்டுப் போட்டு, அவளே பாடுகிறாளாம். இப்போதெல்லாம் போன் வைத்திருக்கிற எல்லாரும் பாடகர்கள்தானே என்று அசட்டையாகத்தான் காதைக் கொடுத்தேன்.

மழகூட மெதுவாத் தொட்டுத்தான் எலைய எழுப்புது
மலையில நிக்கிற எங்கம்மாவ நீ ஏய்ங்குற
வாங்கன்னு ஒரு வார்த்த சொன்னா
ஒன் வாயி வெந்தா போகும்?

மடித்துக்கொண்டிருந்த சேலை பாதியில் நின்றது. இன்னொரு தடவை போடச் சொன்னேன். அப்புறமும் போடச் சொன்னேன். கல்லாவில் இருந்த மொதலாளி தலையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன புள்ள, ஆராச்சும் மௌத்தாகிட்டாங்களா?" என்று, சாவுச் செய்தியோ எனப் பதறிக் கேட்டார், பாவம், நல்ல மனுசன். "இல்ல மொதலாளி, பாட்டு" என்றேன். "பாட்டுக்கா இந்தக் கண்ணீரு?" என்று சிரித்தார். கண்ணீர் வந்தது உண்மைதான், ஆனால் அது கோபத்தில் வந்தது. யாரோ ஒருத்தி எங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து பாட்டு எழுதியிருக்கிறாள் என்று தோன்றியது.

எங்கள் தோட்டம் பூனாகலை ரோட்டில் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா அங்கே கொழுந்து எடுக்கிறாள். பறித்த கொழுந்தைச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் மடுவத்துக்கு வருவார்கள். மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கிற கூடம். தராசுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை நிற்பார். இப்போதுள்ள கணக்கப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்புக் கீழே படித்தவர். மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு எங்கள் வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து அம்மா சுட்ட ரொட்டியைத் தின்றவர். அதே வாய்தான் இன்றைக்கு அம்மாவைப் பார்த்து, "ஏய், வா, போடு, போ" என்கிறது. எங்கள் அம்மாவுக்குத் தலை முழுக்க நரை. அவள் அவரை ஐயா என்கிறாள்.

இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் கத்துவேன். "நீ ஏன் ஒரு வார்த்த திருப்பிக் கேக்க மாட்டேங்குற?" என்பேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "நீ கடையில நிக்கிறவ. தராசுல நிக்கிறது நானு. வாயப் பொத்திக்கிட்டுத் தேத்தண்ணியக் குடி" என்பாள்.

ஆனால் அம்மா ஒன்றும் ஊமை இல்லை. அவளுடைய கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலையில் ஆளுக்கொரு செடி வரிசை பிடித்துத்தான் கொழுந்து எடுப்பார்கள். அதை நெரை என்பார்கள். வேலையை மேற்பார்க்கிற கங்காணி மேலேயோ கணக்கப்பிள்ளை மேலேயோ மனசில் வெந்துகொண்டிருப்பதைப் பாட்டாகக் கட்டிப் பாடுவார்கள். ஆனால் ஒருத்தி ஒரு வரிக்கு மேல் பாட மாட்டாள். அவள் நிறுத்தியதும் அடுத்த வரி எங்கோ தள்ளி இன்னொரு நெரையிலிருந்து வரும், அதற்கடுத்தது மேட்டிலிருந்து வரும். சத்தம் வந்த பக்கம் கங்காணி திரும்புவதற்குள் பாட்டு வேறு வாய்க்குப் போய்விடும். "எவடி அவ?" என்று அவர் கத்தினால், எல்லாரும் குனிந்த தலை நிமிராமல், "நான் இல்லீங்க" என்பார்கள். ஒருத்தி மட்டும் தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது. மாட்டினால் மறுநாள் அவளுக்குப் பள்ளத்து நெரை. அங்கே அட்டையும் வழுக்கலும்தான் இருக்கும், கொழுந்து இருக்காது.

நான் போனில் கொண்டுவந்து காட்டிய பாட்டை அம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முடிந்ததும், "இந்தப் புள்ள நம்ம மடுவத்துல எந்த மூலையில நின்னு பாத்துக்கிட்டு இருந்தா?" என்றாள். அவ்வளவுதான். மறுநாளே அந்தப் பாட்டு மலைக்குப் போய்விட்டது. அம்மா ஒரு வரி, பக்கத்து நெரைச் சித்தி ஒரு வரி. அந்தச் சித்தி எனக்குச் சொந்தச் சித்தி இல்லை, சொந்தச் சித்திகள் எல்லாருக்கும் சேர்த்து அவளுக்கு வாய் உண்டு. கணக்கப்பிள்ளை காதிலும் விழாமல் இருந்திருக்காது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பாட்டுக்காரி பதுளைக்குப் பாட வருகிறாள் என்று தெரிந்தது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு வாசிகசாலை கட்ட நிதி சேர்க்கிற நிகழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். அம்மாவுக்கும் எனக்கும் டிக்கட் எடுத்துவிட்டு வந்து சொன்னால், அம்மா, "சித்திக்கு?" என்கிறாள். சித்தியிடம் சொன்னால், அவள் கூட்டம் முழுவதையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்கிறாள். கடைசியில் ஒரு பெண்கள் பட்டாளமே கிளம்பிவிட்டது. திங்கட்கிழமைக்கும் சேர்த்து மொதலாளியிடம் லீவு கேட்டுவிட்டேன். ஆசைப்பட்ட ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே போய் நிற்க எனக்கு மனசில்லை.

பைப்படியில் தண்ணீர் பிடிக்க நின்ற ஒரு மாமா, "வயசான காலத்துல கச்சேரி கேக்குதா ஒங்களுக்கு?" என்றார். அம்மா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "காது நல்லாத்தான் கேக்குது. நீ ஒன் வேலையப் பாரு" என்றாள்.

பண்டாரவளையில் பஸ் மாறி, ஹாலிஎல தாண்டிப் பதுளையில் இறங்கியபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் ஊர்க் குளிருக்குப் போட்ட ஸ்வெட்டரை எல்லாரும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். எல்லாருடைய தலையிலும் பூ. சித்தி மட்டும் கண்ணாடி போட்டிருந்தாள், மகனுடைய கறுப்புக் கண்ணாடி. "நட்சத்திரத்தப் பாக்கப் போறோம்ல, கண்ணு கூசும்டி" என்றாள்.

மண்டப வாசலில் டிக்கட்டைக் காட்டிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். பின்னால் ஒருத்தரையும் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், எங்கள் கூட்டம் மொத்தமும் படிக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக அடுக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. தோட்டத்து ஆபீசுக்குள் போகும்போது கழற்றிக் கழற்றிக் காலுக்கே வந்துவிட்ட பழக்கம். பூக்கொத்தோடு வரவேற்பில் நின்ற ஒரு டவுன் பெண் பக்கத்தில் நின்றவள் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மண்டபமே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டேன்.

"எல்லாரும் செருப்பப் போடுங்க! டிக்கட் வாங்கிட்டுத்தானே வந்திருக்கோம்? இது என்னா தொரயோட பங்களாவா?"

"ஏண்டி தொண்டையக் கிழிச்சிக்கிற?" என்றாள் அம்மா. ஆனாலும் போட்டுக்கொண்டாள். சித்தி போட்ட செருப்பை அந்த டவுன் பெண் முன்னால் வேண்டுமென்றே டப்பு டப்பென்று தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

மேடைக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய சோபாக்கள். அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரைகள். சோபாவில் நன்கொடை கொடுத்த பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் தொரை, தோட்டத்து மேனேஜர். அவருக்குப் பின்னால், இஸ்திரி போட்ட சட்டையும் அத்தர் வாசமுமாக எங்கள் கணக்கப்பிள்ளை. அவரைப் பார்த்ததும் அம்மாவின் கை தானாகவே கும்பிட்டது. அவர் திரும்பிப் பார்த்து, நாலு பேர் கேட்கிற மாதிரி, "ஏய், நீயுமா வந்திருக்க?" என்றார். "ஆமாங்கய்யா" என்று அம்மா சிரித்தாள். பதுளை டவுனில், நான் வாங்கிய டிக்கட்டில், நான் எடுத்துக்கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிற என் அம்மாவை, இங்கேயும் ஏய் என்கிறார்.

பிறகு பேச்சு. ஐயோ, அந்தப் பேச்சு! குத்துவிளக்கு ஏற்ற ஒரு வரிசை, பொன்னாடை போர்த்த ஒரு வரிசை. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். தொழிலாளத் தாய்மார்கள் நம் நாட்டின் முதுகெலும்பு என்று ஒருவர் சொன்னார். "அதான் இந்த வலி வலிக்குது" என்று சித்தி முதுகைப் பிடித்துக்கொண்டாள். பின்வரிசை முழுக்கச் சிரித்தது.

கடைசியாக அவள் வந்தாள். போனில் பார்த்ததைவிடச் சின்ன ஆள். ஊதாச் சேலை, காலில் சப்பாத்து. ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டு, "எல்லாரும் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். "சாப்பிட்டாச்சி!" என்று அத்தனை பேரும் கத்தினோம். இதெல்லாம் ஒரு பெரிய விசயமா என்று கேட்காதீர்கள். மேடையிலிருந்து எங்களை அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. எத்தனையோ நாள் அந்தக் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறேன். அந்தக் குரலுக்கு உடம்பும் உண்டு, அந்த உடம்புக்கு வியர்க்கும், அது தண்ணீர் குடிக்கும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அவள் பாடினாள். தண்ணீர்ப் பைப்புச் சண்டையைப் பற்றி ஒரு பாட்டு, எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன அண்ணனைப் பற்றி ஒன்று, எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவின் கூட்டாளி சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டே இருந்தாள். நடுவில் கிட்டாரில் ஒரு நரம்பு அறுந்தது. அவள் அதை மாட்டும்வரை மண்டபம் மூச்சு விடாமல் காத்திருந்தது. போனில் கேட்கும்போது அவள் எனக்கு மட்டும் பாடுகிற மாதிரி இருக்கும். இங்கே எல்லாருக்கும் சொந்தமாகிவிட்டாள். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆனால் நாங்கள் அத்தனை பேரும் ஒரு பாட்டுக்காகத்தான் காத்திருந்தோம். அம்மா ஒவ்வொரு பாட்டு முடியும்போதும் என் தொடையைத் தட்டி, "அடுத்து அதுதானே?" என்பாள். தொரையும் கணக்கப்பிள்ளையும் முன்னால் இருக்க, அந்தக் கேள்வியை மேடையில் ஒருத்தி ஒலிவாங்கியில் கேட்பதை அம்மா காதால் கேட்க வேண்டும். தான் கேட்க முடியாததை யாராவது கேட்க வேண்டும். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குத் தெரியாதா?

பின்னாலிருந்து யாரோ, "வாங்க பாட்டு!" என்று கத்தினார்கள். உடனே நாலா பக்கமும் அதே கத்தல். அவள் கிட்டாரின் மேல் கையை வைத்து நிறுத்தினாள். முன்வரிசையை ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்தப் பாட்டு இன்னிக்கு வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க" என்றாள். "வாசிகசாலை நல்லபடியா முடியணும்ல. நானும் பாட மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

எனக்கு வந்ததே ஒரு கோபம். தொரை மேல் இல்லை, விழாக் குழு மேலும் இல்லை, அவள் மேல்தான். அவர்களிடம் நான் என்ன எதிர்பார்த்தேன்? அடிப்பாவி, நீயுமா? எங்கள் வாயில் வராததை உன் வாயில் கேட்கத்தானே பஸ் ஏறி வந்தோம், நீயும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறாயே என்று மனசுக்குள் அவளைப் பிடி பிடியென்று பிடித்தேன். வாசிகசாலை வேண்டும்தான். எங்கள் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம்தான். அதனால்தான் இன்னும் எரிந்தது. "எந்திரிம்மா, போவோம்" என்றேன்.

அம்மா எழுந்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே, மலையில் பாடுகிற அந்தத் திறந்த குரலில், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் எட்டுகிற குரலில் எடுத்துவிட்டாள்.

"மழகூட மெதுவாத் தொட்டுத்தான் எலைய எழுப்புது..."

அதோடு நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். விழாக் குழுக்காரர் ஒருவர் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் திரும்பி முடிப்பதற்குள், மண்டபத்தின் அடுத்த கோடியிலிருந்து, நாங்கள் முன்பின் பார்த்திராத ஒருத்தி இரண்டாவது வரியை எடுத்தாள். எந்தத் தோட்டமோ, எந்த மலையோ. அவளுக்கும் அந்த வழக்கம் தெரிந்திருக்கிறது. அவர் அந்தப் பக்கம் ஓடினார். மூன்றாவது வரி கதவோரத்திலிருந்து வந்தது, சித்தி குரலும் இல்லை, எங்கள் கூட்டமும் இல்லை. அவர் அங்கே ஓடினார்.

நாலாவது வரிக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அம்மா குனிந்த தலையோடு என் காலை மிதித்தாள். நான் மலையில் நெரை பிடித்தவள் இல்லை. எனக்குப் பாடவும் வராது. ஆனால் அந்த வரியை மனசுக்குள் எத்தனை தடவை அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக் கேட்டிருப்பேன்! கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

"ஒன் வாயி வெந்தா போகும்?"

சுருதியா ஒன்றா, தகரத்தில் ஆணி கீறின மாதிரி இருந்ததாம், சித்தி இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். ஆனால் அதற்குப் பிறகு பாட்டை யாராலும் பிடித்து நிறுத்த முடியவில்லை. அடுத்த அடி அங்கிருந்து வரும், அதற்கடுத்தது இங்கிருந்து வரும். குழுக்காரர் வியர்த்து விறுவிறுத்து நடுவில் நின்று, "யாரும்மா அது? பாடுறது யாரு?" என்று கேட்டார். எல்லா வரிசையிலிருந்தும் ஒரே பதில். "நான் இல்லீங்க!" மண்டபம் வெடித்துச் சிரித்தது. மேடையில் அவள் வாயே திறக்கவில்லை. கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, அதன் பலகையில் விரல் முட்டியால் தாளம் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள். பாட மாட்டேன் என்றுதான் வாக்குக் கொடுத்திருந்தாள், அதை அவள் மீறவில்லை. நாங்கள் யாருக்கும் ஒரு வாக்கும் கொடுக்கவில்லையே. தொரை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணக்கப்பிள்ளை மட்டும் கழுத்தைத் திருப்பி எங்கள் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்து வெளியே வரும்போது அவள் வாசலுக்கே வந்து நின்று எல்லாரையும் கும்பிட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் நேராக அம்மாவிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "வாங்கம்மா. மொத வரி எடுத்தது நீங்கதானே?" என்று கேட்டாள்.

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா?

"நான் இல்லீங்க."

"நாங்க இல்லீங்க" என்றாள் சித்தியும், கறுப்புக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பாட்டுக்காரி அம்மா முகத்தையே பார்த்தாள். தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள், அவளுக்குத் தெரியாதா? "சரிங்கம்மா, நீங்க இல்ல" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே கையை விட்டாள். சிரிப்பில் கண் கலங்கியிருந்தது.

பஸ்ஸில் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். "அவகிட்டப் போயி ஏம்மா இல்லன்னு சொன்ன? அவ என்னா கங்காணியா?"

"வாய்ப் பழக்கம்டி" என்றாள் அம்மா. பஸ் ஏற ஏறக் குளிர் வந்தது, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டாள். பிறகு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பயந்துட்டேன்" என்றாள். "அந்தக் கணக்கப்பிள்ள பாத்துக்கிட்டே இருந்தாருல்ல. ஒரு புள்ள வந்து கையப் புடிச்சி வாங்கம்மான்னுது, அதுகிட்டக்கூட நாந்தான்னு சொல்ல முடியல பாரு. த்தூ, என்னா பொழப்பு."

அம்மா தன்னைத் தானே திட்டிக்கொள்வதை நான் அதுவரை கேட்டதில்லை.

திங்கட்கிழமை மத்தியானம், நிறுக்கிற நேரத்துக்கு நான் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு மடுவத்துக்குப் போனேன். போத்தல் ஒரு சாக்குத்தான். ஏதோ நடக்கும் என்று தெரியும், பார்க்காமல் இருக்க முடியவில்லை. பெண்கள் தலையில் சாக்கோடு வரிசையாக நின்றார்கள், அம்மா முதலாவதாக நின்றாள். கொழுந்து லாரி பக்கத்தில் நின்றது. கணக்கப்பிள்ளை தராசைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நேத்து ஹோல்ல அந்தப் பாட்ட ஆரம்பிச்சது எவ?"

"நான் இல்லீங்க" என்றாள் சித்தி உடனே.

"நான் இல்லீங்க." "நான் இல்லீங்க." பின்னால் வரிசையாக வந்தது.

அம்மா சாக்கைத் தலையிலிருந்து இறக்கித் தன் காலடியில் வைத்தாள்.

"நாந்தான்" என்றாள்.

கணக்கப்பிள்ளைக்கே அந்தப் பதில் எதிர்பாராதது போலிருந்தது. "என்னா?" என்றார்.

"நாந்தாங்கய்யா. மொத வரி நாந்தான் பாடுனேன்."

"ஓஹோ. பெரிய பாட்டுக்காரி." யாராவது சிரிப்பார்கள் என்று சுற்றிப் பார்த்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. "சரி சரி. ஏய், வா, சாக்கப் போடு. லாரி நிக்கிது."

அம்மா அசையவில்லை. "கூப்பிடுங்க, வர்றேன்."

"இப்பக் கூப்பிட்டேன்தானே?"

"என்னயக் கூப்பிடல. ஏய்னு யாரையோ கூப்பிட்டீங்க. என் மகளவிட நீங்க எளயவரு. அந்தா நிக்கிறா பாருங்க. அவளக்கூட நான் அப்படிக் கூப்பிட்டதில்ல."

இது சுத்தப் பொய். வீட்டில் அம்மா என்னைக் கூப்பிடுகிற கூப்பாடு இதைவிட மோசம். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

"நாளைக்குப் பள்ளத்து நெரைதான் ஒனக்கு" என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார், அதையும் எழுதிவிடுகிறேன். அந்த வாரம் முழுக்க அம்மா கால் நிறைய அட்டைக் கடியோடுதான் வீடு திரும்பினாள். ஆனால் அந்த இடத்தில் அவள் சொன்னது இதுதான்:

"குடுங்க. அங்கயும் நாந்தானே கொழுந்து எடுக்கணும்? இப்ப கூப்பிடுங்க."

பின்னால் தொப் என்று ஒரு சத்தம். சித்தி தன் சாக்கை இறக்கி வைத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு தொப். அப்புறம் இன்னொன்று. வரிசை முழுக்கச் சாக்குகள் தரையில் இறங்கின. இப்போது யாரும் நான் இல்லீங்க என்று சொல்லவில்லை. லாரிக்காரர் ஹோர்ன் அடித்தார். "ஐயா, கொழுந்து சூடேறுது, பெக்டரியில என்னயத்தான் ஏசுவாங்க!" என்று தலையை நீட்டிக் கத்தினார். கணக்கப்பிள்ளை லாரியைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் பார்வையை விலக்கவில்லை. என்னைத் தாண்டித்தான் அவர் பார்வை அம்மா முகத்துக்குப் போக வேண்டியிருந்தது, போகவில்லை. தராசுக் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கொக்கியிடம் சொல்கிற மாதிரி முணுமுணுத்தார்.

"வாங்க."

வாய் வேகவில்லை. நல்லாத்தான் இருந்தது.

அம்மா சாக்கைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினாள். நிறுத்து முடிந்தது. போகவில்லை. தராசுக்குப் பக்கத்திலேயே, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"எனக்குச் சொன்னது கேட்டுச்சிங்க" என்றாள். "பின்னால நிக்கிறவளுக்கும் சொல்லுங்க."

சித்தி சாக்கைத் திரும்பத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஓர் அடிகூட எடுத்து வைக்காமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.